எந்தத் தீவு என்று கேட்பதற்கு முன்

தம்பி போன மாதம்தான் ஸ்கூபா டைவிங்குக்கான முதல்நிலைச் சான்றிதழான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கினான். வாங்கிய கையோடு ஒரு பட்டியல் அனுப்பினான்: மாலத்தீவு, பாலி, பலாவ், பொனேர். கூடவே ஒரு வரி: "பத்து நாள் லீவு இருக்கு. நீயே சொல்லுக்கா, எது பெஸ்ட்?"

பெஸ்ட் என்று ஒன்று இருந்தால் ஒரே வார்த்தையில் பதில் அனுப்பிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். நான்குமே வெதுவெதுப்பான கடல். நான்கிலும் ஆமை உண்டு, பவளம் உண்டு, நல்ல டைவ் கடைகள் உண்டு. படங்களை வைத்துப் பார்த்தால் நான்குக்கும் வித்தியாசமே தெரியாது. எல்லாப் படத்திலும் அதே நீலம், அதே ஆமை.

முதலில், போகப்போவது யார் என்று பார்க்க வேண்டும். என் டைவ் குறிப்புப் புத்தகத்தில் இருநூறு சொச்சம் டைவ் இருக்கிறது. தம்பிக்கு ஒன்பது, அதில் நான்கு பயிற்சியின்போது போட்டவை. அவன் சான்றிதழ் அட்டைக்கு 18 மீட்டர் ஆழம்தான் எல்லை. தம்பி மனைவிக்குத் தண்ணீருக்கு அடியில் போகிற எண்ணமே இல்லை. முகமூடி மாட்டிக்கொண்டு மேலே மிதந்தபடி பார்த்தால் போதும் என்கிறாள். மிச்ச நேரத்துக்குக் கரையில் ஏதாவது இருக்க வேண்டும். இந்த மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே தீவு.

தண்ணீர் எவ்வளவு தெளிவு, எத்தனை டிகிரி, எத்தனை வகை மீன் என்று அட்டவணை போடுவதுதான் வழக்கம். நானும் போட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: அங்கே நீரோட்டம் எப்படி?

காரணம் எளிது. ஓட்டம் எங்கே மோதுகிறதோ அங்கேதான் இரை சேர்கிறது. சிறு மீன் அதைத் தேடி வரும். பாரைக் கூட்டமும் ஷீலாக் கூட்டமும் சிறு மீனைத் தேடி வரும். சுறா அவற்றைத் தேடி வரும். பெரிய மீன் வேண்டுமென்றால் ஓட்டத்துக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் காற்று கரையும். அசையாத நீரில் ஒரு மணி நேரம் தாங்குகிற 200 பார் (டேங்கின் அழுத்த அளவு) காற்று, எதிர்நீச்சல் போட்டுப் பதறுகிற புதியவருக்கு அரை மணியில் 50 பாருக்கு இறங்கிவிடும். அப்புறம் அவர் கண் மீனைப் பார்க்காது, காற்றுமானியின் முள்ளைத்தான் பார்க்கும். விளம்பரத்தில் சுறாவைக் காட்டுவார்கள். அந்தச் சுறாவை நிறுத்தி வைத்திருக்கிற ஓட்டம் படத்தில் விழாது.

"ஓட்டம்னா என்னக்கா, ஆத்துல இழுக்குற மாதிரியா?" என்று தம்பி மனைவி கேட்டாள். அதேதான். ஆற்றுக்கு இரண்டு பக்கம் கரை இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பொனேர்: படகே வேண்டாம்

கரீபியக் கடலின் தெற்கில், வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கிற சின்னத் தீவு. நெதர்லாந்தைச் சேர்ந்தது. காற்று ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்தே அடிக்கிறது. அதனால் கிழக்குக் கரையில் அலை கொந்தளிக்கும், மேற்குக் கரை குளம் மாதிரிக் கிடக்கும். டைவ் எல்லாம் பெரும்பாலும் மேற்கில்தான்.

சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு டைவ் இடத்தின் பெயர். பிக்கப் வண்டியை அங்கே நிறுத்தி, பின்தட்டைத் திறந்து, அதன் மேலேயே உட்கார்ந்து டேங்கை மாட்டிக்கொள்வோம். பவளச் சல்லியில் பத்துப் பதினைந்து அடி தடுமாறி நடந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று காலில் ஃபின்னை (நீந்தும் துடுப்பை) மாட்டினால் வேலை முடிந்தது. (கெட்டியான அடி உள்ள பூட்ஸ் இல்லாமல் போனால் முதல் நாளே பாதம் கிழியும்.) கொஞ்ச தூரம் நீந்தினால் சரிவு தொடங்கும். ஒரு பக்கமாகப் பாதிக் காற்று தீரும்வரை போய், திரும்பி, மேலே ஆழமில்லாத இடத்தில் கடற்குதிரையைத் தேடிக்கொண்டே கரையேறலாம். படகில் மணியடித்து யாரும் கூப்பிட மாட்டார்கள். மதியம் தூக்கம் வந்தால் தூங்கலாம், நாலு மணிக்கு இன்னொன்று போடலாம்.

ஒன்பது டைவ் போட்ட ஒருவனை இருபத்தைந்து டைவ் போட்டவனாக ஆக்குவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மிதப்பைச் சரிசெய்வது, திசைகாட்டி பார்ப்பது, காற்றைக் கணக்கிட்டுச் செலவழிப்பது எல்லாம் திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும். அந்தத் திரும்பத் திரும்ப இங்கே சுலபமாகக் கிடைக்கிறது.

கட்டுப்பாடுகளும் உண்டு, எனக்கு அவை பிடித்தவை. தீவைச் சுற்றியுள்ள கடல் 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. நங்கூரம் போடக்கூடாது. கையுறை போடக்கூடாது, ஏனென்றால் கையுறை போட்ட கை எதையாவது பிடிக்கும். எத்தனை டைவ் போட்டவராக இருந்தாலும் முதல் டைவில் விதிகளைக் கேட்டு, மிதப்பைச் சரிபார்த்துக் காட்டிய பிறகுதான் தனியாகப் போக முடியும்.

1984-ல் மூழ்கிய ஹில்மா ஹூக்கர் என்ற சரக்குக் கப்பல் இங்கே 30 மீட்டர் ஆழத்தில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. கஞ்சா கடத்தியதாகப் பிடித்து வைத்திருந்த கப்பல். பராமரிப்பார் இல்லாமல் நீர் புகுந்து மூழ்கிவிட்டது. தம்பியின் 18 மீட்டருக்கு அதன் மேல்பக்கம் கொஞ்சம் எட்டும், முழுதாகப் பார்க்க எட்டாது.

இரவு டைவைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆள் நீளத்துக்கு வெள்ளியாக மின்னுகிற டார்பன் மீன்கள் நம் தோளோடு உரசுகிற மாதிரிக் கூடவே வரும். நாம் விளக்கை ஒரு சின்ன மீன் மேல் இரண்டு விநாடி நிறுத்தினால் போதும், சரக்கென்று ஒரு சத்தம், அந்தச் சின்ன மீன் இருக்காது. நம் விளக்கு அவற்றுக்கு வேட்டை நாய். முதல் இரவு எனக்கு வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் இரவு விளக்கைத் தரையை நோக்கியே பிடித்துக்கொண்டேன்.

குறை என்ன? சுறாவையும், மான்டா எனப்படும் ஆனைத்திருக்கையையும் நினைத்துப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். கரீபியனில் கல்பவள வகைகள் எழுபதுக்குள் அடங்கும். இந்தோனேசியப் பக்கம் ஐநூறுக்கு மேல். பல வகைப் பவளங்களை அரித்துக் கொல்கிற ஒரு திசு நோய் 2023-ல் பொனேருக்கும் வந்துவிட்டது. சிங்கமீன் தொல்லை வேறு. இந்துமாக்கடலில் நாம் நின்று ரசிக்கிற அதே மீன் அட்லாண்டிக்கில் அந்நியம். அங்கே அதை ஈட்டியால் குத்தி எடுக்கிறார்கள்.

தம்பி மனைவிக்கு? பூநாரைகள் இருக்கின்றன. எதிரே ஆளில்லாத குட்டித் தீவான கிளைன் பொனேரின் ஓரமாக மிதந்தபடி பார்ப்பது அருமையாக இருக்கும். ஆனால் மணற்கரை குறைவு. டைவ் செய்யாதவருக்கு நாலாம் நாள் பொழுது போகாது. நாங்கள் இருவரும் பல்லைக் காட்டிக்கொண்டு ஐந்தாவது டைவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் எங்களைப் பார்க்கப்போகிற பார்வை இப்போதே தெரிகிறது.

மாலத்தீவு: வாசலில் நிற்பவை

அட்டோல் என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்த நாடு. வளையம் வளையமாகப் பவளத்திட்டுகள், நடுவே உள்கடல், வெளியே பெருங்கடல். வளையத்தில் அங்கங்கே இடைவெளி. அந்த வாசலை அங்கே கண்டு என்கிறார்கள். உள்ளே நீருக்கடியில் முளைத்து நிற்கிற குன்று, திலா. மாலத்தீவு டைவ் என்பது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

வாசல் வழியாகக் கடல் உள்ளே பாய்கிறபோது பெருங்கடலின் தெளிந்த நீர் வரும். சுறாக்கள் வாசல் முனையில் ஓட்டத்துக்கு முகம் கொடுத்து, வால் மட்டும் லேசாக அசைய, வரிசையாக நிற்கும். நாம் மேலே மிதந்துகொண்டு நேரத்தைப் போக்காமல், காற்றில்லாத பி.சி.டி.யோடு (காற்று ஊதி மிதப்பைச் சரிசெய்கிற மேல்சட்டை) குதித்து நேராகக் கீழே போய் முனையை ஒட்டி ஒதுங்க வேண்டும். இரண்டு நிமிடம் தாமதித்தால் வாசலைத் தாண்டி உள்ளே இழுத்துப் போயிருக்கும். அப்படிப் போனாலும் பெரிய பாதகமில்லை, அந்தப் பக்கம் உள்கடல்தான்.

பாதகம் ஓட்டம் வெளியே போகிறபோது. ஒரு முறை, பேர் சொல்ல வேண்டாம், ஒரு படகில் ஓட்டம் உள்ளே வருகிறது என்று சொல்லி எங்களை இறக்கினார்கள். யாரும் முதலில் குதித்துப் பார்க்கவில்லை. பன்னிரண்டு மீட்டரில் கவனித்தேன், என் குமிழிகள் மேலே போகாமல் முகத்துக்கு முன்னால் சுழன்று கீழே இறங்கின. அரை நிமிடத்தில் திட்டு காணோம். நாலு பக்கமும், மேலும் கீழும் ஒரே நீலம். ஐந்து பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, டைவ் கணினி காட்டுகிற ஆழத்தை மட்டும் பார்த்தபடி மெதுவாக ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, ஆரஞ்சு மிதவைக் குழாயை ஊதி மேலே அனுப்பினோம். தலையை வெளியே நீட்டியபோது படகு ஒரு வெள்ளைப் புள்ளி. இருபது நிமிடம் கழித்து வந்து ஏற்றிக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் தம்பி அன்று கூட இருந்திருந்தால் அத்தோடு ஃபின்னைக் கழற்றி விற்றிருப்பான்.

பருவம் பற்றி ஒரு தப்பான கருத்து சுற்றிக்கொண்டிருக்கிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்லது, மற்ற மாதங்கள் வீண் என்று. வடகிழக்குப் பருவக்காற்றில் வானம் தெளிவு, கடல் அமைதி என்பது உண்மைதான். ஆனால் காற்று மாறும்போது ஓட்டமும் பக்கம் மாறுகிறது. வடகிழக்குக் காலத்தில் கிழக்கு வாசல்களில் தெளிந்த நீரும் சுறாவும், மேற்குப் பக்கத்தில் மிதவை உயிரி கலங்கிய நீரும் ஆனைத்திருக்கையும். தென்மேற்குக் காலத்தில் அப்படியே தலைகீழ். ஆகவே மாதத்தை முடிவு செய்தால் போதாது, அந்த மாதத்துக்கு எந்தப் பக்கத்தில் தங்குவது என்பதும் முக்கியம்.

பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை ஆனைத்திருக்கைகள் கூட்டமாக வாய் திறந்து சுற்றிச் சுற்றி இரை வடிகட்டும். பா அட்டோல் 2011-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளப் பட்டியலில் சேர்ந்தது. விரிகுடாவுக்குள் டேங்கோடு போகத் தடை, மேலே மிதந்துதான் பார்க்க வேண்டும். ஆக, அந்தக் காட்சி தம்பி மனைவிக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே மாலத்தீவுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுத்தேன்.

தெற்கு ஆரி அட்டோலில் திமிங்கலச் சுறா ஆண்டு முழுக்க உண்டு. தென்கோடியில் ஃபுவஹ்முலாவில் புலிச்சுறா. 2010-ல் நாடு முழுக்கச் சுறா பிடிக்கத் தடை வந்தது, அதன் பலன் கண்ணில் படுகிறது. பவளம்தான் பாவம். 1998-லும் 2016-லும் கடல் சூடேறி வெளுத்ததில் ஆழமில்லாத திட்டுகள் பெரிய அடி வாங்கின. பவளத் தோட்டம் பார்க்க மாலத்தீவு போகாதீர்கள், மீனுக்குப் போங்கள்.

சட்டப்படி 30 மீட்டருக்குக் கீழே பொழுதுபோக்கு டைவ் கிடையாது. லைவ்அபோர்டு எனப்படும் தங்கும் படகுகள்தான் நல்ல வாசல்களுக்கெல்லாம் கூட்டிப்போகின்றன. பல படகுகள் அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழும் ஐம்பது டைவ் அனுபவமும் கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்காத படகு இருந்தால் அதில் ஏற நான் தயங்குவேன். தம்பி தம்பதியைப் பொறுத்தவரை ஒரு ரிசார்ட் தீவு, அதுவும் கரையிலிருந்தே நீந்திப் போகக்கூடிய பவளத்திட்டு உள்ளதாக. ஆனால் அப்படி ஒரு தீவில் தங்கினால் மாலத்தீவைப் பிரபலமாக்கிய டைவ்களில் பாதி எனக்குக் கிடைக்காது. மீதிப் பாதி அவனுக்குக் கிடைக்கக்கூடாது.

கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும் என்பதை மறந்துவிட்டு மாலை விமானத்தில் போய் இறங்குகிறவர்கள் ஒரு இரவை வீணாக்குகிறார்கள். சாமான் எடைக் கட்டுப்பாடும் அதில் கறார். மூச்சு விட உதவுகிற சொந்த ரெகுலேட்டர், பி.சி.டி. எல்லாம் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

பலாவ்: கொக்கி மாட்டித் தொங்குவது

மேற்கு பசிபிக்கில் இருக்கிறது. ஆசையைச் சொன்னால் எனக்கு இதுதான். கோரோர் ஊரிலிருந்து வேகப் படகில், காளான் மாதிரிச் சுண்ணாம்புக் குன்றுத் தீவுகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் போனால் ப்ளூ கார்னர். திட்டு ஒரு முக்கோணமாகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு முடிகிற இடம். அங்கே நீந்த முடியாது, தொங்கத்தான் முடியும். கயிற்றின் ஒரு முனையில் உள்ள கொக்கியைச் செத்த பாறையில் மாட்டி, மறு முனையை பி.சி.டி.யில் இணைத்து, கொஞ்சம் காற்று ஊதினால் உடம்பு பட்டம் மாதிரி எழும்பி நிற்கும். தலையைத் திருப்பினால் முகமூடி பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஓட்டம். கண் முன்னால் சாம்பல் சுறாக்கள் எந்தப் பிரயாசையும் இல்லாமல் நிற்கும். நெப்போலியன் மீன் ஒன்று பக்கத்தில் வந்து ஒற்றைக் கண்ணை உருட்டி நம்மைப் பார்த்துவிட்டுப் போகும். உலகத்தில் முதலாவதாகத் தன் கடல் முழுவதையும் சுறாக்களின் சரணாலயமாக அறிவித்த நாடு இது, 2009-ல்.

நிலவைப் பார்த்துத் தேதி குறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அமாவாசையை ஒட்டி முட்டுத்தலைக் கிளிமீன்கள் முட்டையிட ஆயிரக்கணக்கில் ஒன்றுசேரும். பௌர்ணமியை ஒட்டிச் செப்பிலி இனத்துச் சிவப்பு மீன்கள்.

டைவ் செய்யாதவருக்கும் ஒரு அதிசயம் உண்டு: ஜெல்லிமீன் ஏரி. கொட்டுவது உறைக்காத பொன்னிற ஜெல்லிகளுக்கு நடுவே மிதக்கலாம். 2016 வாக்கில் வறட்சியால் அவை அநேகமாகக் காணாமல் போய், ஏரியை மூடி, எண்ணிக்கை தேறிய பிறகு 2018 கடைசியில்தான் திறந்தார்கள். ஸ்கூபாவுக்கு அங்கே அனுமதி இல்லை. ஏரியின் அடியில் விஷ வாயு கரைந்த அடுக்கு ஒன்று இருக்கிறது, குமிழிகளும் ஜெல்லிகளுக்கு ஆகாது. இன்னொன்று, 2020 முதல் பவளத்துக்குக் கேடான ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீன் அந்த நாட்டுக்குள் தடை. பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

தம்பியைக் கூட்டிப்போகலாமா? அவனைப் போன்றவர்களுக்கும் அமைதியான இடங்கள் அங்கே உண்டு. ஆனால் அவ்வளவு தூரம் போய், ப்ளூ கார்னரில் நான் இறங்க, அவன் வேறு இடத்தில் இறங்க, மாலையில் சாப்பாட்டு மேசையில் நான் என் கதையை விழுங்கிக்கொண்டு உட்கார... வேண்டாம். அவன் ஐம்பது டைவ் முடிக்கட்டும்.

பாலி: ஒரே தீவில் இரண்டு கடல்

பாலியை டைவ் தீவாகவே மதிக்காதவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், துலாம்பென் போகும்வரை.

வடகிழக்குக் கரை. மேலே அகுங் எரிமலை, கீழே அது கக்கிய கருங்கல். மணல் தேடினால் கிடைக்காது, தலையணை அளவுக்கு உருண்டைக் கற்கள்தான். அலை வாங்கும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று உரசிக் கடகடவென்று சத்தம் போடும். முழு டேங்கோடு அதன் மேல் நடப்பதுதான் அந்த டைவின் கஷ்டமான பகுதி. டேங்குகளை ஊர்ப் பெண்கள் தலையில் வைத்து, ரப்பர்ச் செருப்போடு, நம்மைவிட வேகமாகக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். நாம் நம் எடைக்கே தள்ளாடிக்கொண்டிருப்போம்.

கரையிலிருந்து முப்பது நாற்பது மீட்டரில் லிபர்ட்டி. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் குண்டு பட்ட அமெரிக்கச் சரக்குக் கப்பல். இழுத்துவந்து இந்தக் கரையில் ஒதுக்கிவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கரையிலேயே கிடந்தது. 1963-ல் அகுங் வெடித்தபோது நில அதிர்வு அதைத் தண்ணீருக்குள் தள்ளியது. நூறு மீட்டருக்கு மேல் நீளம். மேல் விளிம்பு 5 மீட்டர் ஆழத்தில், அடிப்பகுதி 30 மீட்டரில். ஒரு கப்பலுக்கு இதைவிடத் தோதான கிடை அமையாது. தம்பி மனைவி மேலே மிதந்தபடி அதன் முதுகைப் பார்க்கலாம். தம்பி 18 மீட்டருக்குள் பெரும்பகுதியைச் சுற்றி வரலாம். நான் இன்னும் கீழே போகலாம். மூன்று பேரும் ஒரே நேரத்தில், ஒரே கப்பலில். பட்டியலில் வேறெந்த இடத்திலும் இது நடக்காது.

நேரம் முக்கியம். ஒன்பது மணிக்கு மேல் தெற்கிலிருந்து வண்டி வண்டியாக ஆள் வந்து இறங்கும். கப்பலைவிட ஃபின்கள்தான் அதிகம் தெரியும். பக்கத்திலேயே தங்கி, ஆறு மணிக்கு இறங்க வேண்டும். இருட்டு முழுதாக விலகாத அந்த நேரத்தில், இரவெல்லாம் கப்பலுக்குள் தூங்கிய முட்டுத்தலைக் கிளிமீன்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரு மீட்டருக்கு மேல் நீளம், நெற்றியில் பெரிய புடைப்பு, தூக்கம் கலையாத முகம். அவசரமே இல்லாமல் நம்மைக் கடந்து ஆழத்துக்குப் போகும்.

பக்கத்துக் கரைகளில் கறுப்பு மணலில் பொறுமையாகத் தேடுகிற டைவ். விரல் நகம் அளவு கடல் நத்தைகள், இலை மாதிரி நடிக்கிற மீன்கள். ஓட்டம் பெரும்பாலும் மிதமாகத்தான் இருக்கும். தம்பி பதினைந்து டைவ் போட்டுத் தேறுவதற்குப் பொனேருக்கு அடுத்தபடியாக இதைச் சொல்வேன்.

இரண்டாவது கடல், நூசா பெனிடா என்ற பக்கத்துத் தீவைச் சுற்றி. தென்கிழக்கே படகில் கொஞ்ச தூரம். பசிபிக்கிலிருந்து இந்துமாக்கடலுக்கு நீர் பாய்கிற பெரிய வழிகளில் ஒன்று அங்குள்ள ஜலசந்தி. ஆனைத்திருக்கை அநேகமாக ஆண்டு முழுக்க உண்டு. ஜூலை முதல் அக்டோபர் வரை ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும், அதோடு மோலா எனப்படும் சூரியமீனும் வரும், வண்டிச் சக்கரம் மாதிரி. தண்ணீர் 28 டிகிரியிலிருந்து ஒரே கோட்டில் 20-க்குக் கீழே விழும், பல் கிட்டிக்கும். கீழ்நோக்கி இழுக்கிற ஓட்டமும் அங்கே உண்டு. உயிர்ச்சேதம் நடந்த இடம். இணையத்தில் "பாலியில் டைவ் சுலபம்" என்றும் "பாலியில் டைவ் பயங்கரம்" என்றும் இரண்டு விதமாக எழுதியிருப்பதைப் படித்துக் குழம்பவேண்டாம். இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள், இறங்கிய இடம் வேறு.

கரையில் பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பாலியில் பதிலே தேவையில்லை. தம்பி மனைவி இப்போதே எங்களைவிட நீளமான பட்டியல் வைத்திருக்கிறாள்.

கணக்கில் வராதவை

மலேசியாவின் சிபாடானைத் தம்பி கேட்டான். கடலடியிலிருந்து அறுநூறு மீட்டர் செங்குத்தாக எழுந்த தீவு, ஷீலாக்கள் சூறாவளி மாதிரிச் சுழல்கிற இடம். ஆனால் 2004-க்குப் பிறகு அங்கே தங்க முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அனுமதிச் சீட்டும் உண்டு, பத்து நாளில் எத்தனை நாள் கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. இந்தோனேசியாவின் ராஜா அம்பட் உலகத்திலேயே பவளமும் மீன் வகையும் அதிகம் உள்ள இடங்களில் ஒன்று, போய்ச் சேரவே இரண்டு நாள் போகும். தாய்லாந்தின் சிமிலன் தீவுகளை ஆண்டுதோறும் மே பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை மூடிவிடுவார்கள். பசிபிக்கில் உள்ள சூக் கடற்கழி, மூழ்கிய கப்பல் பித்துப் பிடித்தவர்களுக்கு. 1944 பிப்ரவரியில் இரண்டு நாள் குண்டுவீச்சில் மூழ்கிய ஜப்பானியக் கப்பல்கள், பல ஆழத்தில். அதில் டைவ் செய்யாத ஒருவருக்கு ஒன்றுமே இல்லை.

எந்தத் தீவானாலும் இரண்டு விஷயம் விசாரித்துவிடுவேன். உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி வருகிற அழுத்த நோய்க்குச் சிகிச்சை செய்கிற அறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அங்கே போக எத்தனை மணி நேரம். பொனேரிலும் பாலியின் தென்பாசாரிலும் தீவிலேயே இருக்கிறது. இரண்டாவது காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா இருக்காது, அல்லது ஆழத்துக்கு வரம்பு இருக்கும். சின்ன எழுத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

கடைசியில்

நான் தனியாகப் போனால் பலாவ். தம்பியும் நானும் மட்டும் என்றால் பொனேர், கண்ணை மூடிக்கொண்டு. என் பழைய டைவ் கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்தால் மாலத்தீவில் ஒரு தங்கும் படகு, நல்ல பேச்சு. மூன்று பேருக்கும் சேர்த்து என்றால் பாலி. துலாம்பெனில் ஏழு இரவு, மிச்சம் வேறிடம். மாதம் மே. மழை விட்டிருக்கும், கூட்டம் ஏறியிருக்காது. மோலா வரத் தொடங்கியிருக்காது, ஆகவே பெனிடா போகலாம் என்று நானே தம்பியை உசுப்பிவிடுகிற ஆபத்தும் இல்லை.

திட்டத்தில் ஒரே ஒரு சிக்கல்தான் வந்தது. தம்பி மனைவிக்குக் கிந்தாமணி மேட்டிலிருந்து பாதூர் எரிமலைப் பள்ளத்தைப் பார்த்தே ஆக வேண்டும். துலாம்பென் முடித்துத் திரும்புகிற வழியில் பார்த்துவிடலாம் என்று தம்பி சொன்னான். அந்தச் சாலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. உடம்பில் நைட்ரஜன் கரைந்திருக்கும்போது மலை ஏறுவதும் விமானம் ஏறுவதும் ஒன்றுதான். பல டைவ் போட்ட பிறகு குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். காலையில் டைவ், மதியம் மலை என்பது நடக்காது.

அதனால் வரிசையை மாற்றிவிட்டோம். இறங்கிய மறுநாளே கிந்தாமணி, அன்று மாலை மலையிலிருந்து இறங்கித் துலாம்பென். கடைசி டைவ் ஒன்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு, விமானம் பத்தாம் நாள் ராத்திரி. தம்பி மனைவி சொன்னாள்: "பார்த்தீங்களா, நான் சொன்னதுதான் முதல்ல."